வலிக்காத கை

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்கு ஒரு நாள் பயிற்சியாம், நான் வந்து ஊசி போடுவதைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். போனேன். மைக் பிடித்திருந்த பெண் இந்தியும் இங்கிலீஷும் கலந்து என்னை அறிமுகப்படுத்தினாள். இந்த சிஸ்டர் ஊசி போட்டால் போட்டதே தெரியாது, புனாவில் இப்படி ஒரு வலிக்காத கையைப் பார்க்க முடியாது என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு முன்னால் மேசையில் ஒரு அட்டை இருந்தது. நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது நிரப்பிக் கொடுக்க வேண்டிய அட்டை. 'ஊசி வலித்ததா?' என்று கேட்டு, எதிரே மூன்று முகங்கள் வரைந்திருந்தார்கள். ஒன்று சிரிக்கிறது, ஒன்று சும்மா இருக்கிறது, ஒன்று அழுகிறது. சிரிக்கிற முகம் நிறைய வாங்குகிற நர்ஸுக்கு மாதா மாதம் பரிசு உண்டாம். சரியான மருந்தா, சரியான அளவா, சரியான இடத்தில் போட்டார்களா என்று அதில் ஒரு கேள்வி கூட இல்லை.

அந்த அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நான் பேசியதில் பாதி அங்கிருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் போனால் போகட்டும். முழுசாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் திண்டுக்கல்காரி. மிஷன் ஆஸ்பத்திரியில் படித்தேன், அங்கேயே பதினோரு வருடம் வேலை பார்த்தேன். கணவருக்குக் கட்கி பக்கம் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புனாவுக்கு வந்தோம். இந்தி தெரியாது, மராட்டி தெரியாது. ஊசி போடத் தெரியும். கோர்படிக்குப் பக்கத்தில், ஒரு டாக்டர் சொந்தமாக நடத்திய பதினைந்து படுக்கை நர்சிங் ஹோமில் சேர்ந்தேன்.

அந்த டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் 'சர்' என்போம். பேச்சில் குரல் ஏறியதே கிடையாது. நோயாளி உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். போகும்போது கதவு வரைக்கும் கூடவே போவார். யாருடைய பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். எங்களை 'பாளா, பாளா' என்றுதான் கூப்பிடுவார், மராட்டியில் குழந்தை என்று அர்த்தம். பதினோரு வருட வேலை அனுபவத்தோடு போன எனக்கே அந்தக் குழந்தைப் பட்டம் இனித்தது. வாசலில் ஒரு போர்டு மாட்டியிருந்தார். வலியில்லாத பிரசவம், வலியில்லாத ஊசி. முதலாவதற்கு மயக்க டாக்டர் வருவார். இரண்டாவதற்கு நான்.

எனக்கு முன்னால் ஊசி மேசையில் இருந்தவர் சுமன்தாய். ஐம்பது வயது மராட்டிப் பெண்மணி, 'தாய்' என்றால் அங்கே அக்கா. சிரிக்கவே மாட்டார். இடுப்பில் போட வேண்டிய ஊசி என்றால் புடவையைச் சரியாக இறக்கு என்பார். வெட்கப்பட்டு இரண்டு விரல் அகலம் இறக்கினால் அதட்டுவார். கனமான ஊசி, ஒன்றரை அங்குல நீளம், உள்ளே போகும்போது ஆளைத் தூக்கிப் போடும். போட்டு முடித்ததும் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துவிட்டு, 'போ' என்பார். நோயாளிகள் சரிடம் போய் முறையிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "சுமன்தாய், உங்கள் கை கொத்தனார் கை" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அடுத்த வாரம் அவரைப் பிரசவ அறைக்கு மாற்றிவிட்டு என்னை ஊசி மேசையில் உட்கார வைத்தார்.

மேசையை ஒப்படைக்கும்போது சுமன்தாய் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு மருந்தாகக் காட்டினார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஹார்மோன் ஊசி அதில் ஒன்று. கர்ப்பம் தரிக்காமல் இருக்கப் பெண்களுக்குப் போடுவது. சின்னக் குப்பி, மேலே வெளுத்த தண்ணீர், அடியில் சுண்ணாம்பு போலப் படிவு. அதைக் கையில் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஆதீ ஹலவ" என்றார். முதலில் குலுக்கு. பிறகு, "சோளு நகோஸ்." தேய்க்காதே. இரண்டே இரண்டு வாக்கியம். என்னுடைய மராட்டிக்கு அதுவே தாராளம் என்று நினைத்திருப்பார். எனக்குப் புரிந்தது. ஆனால் காதில் வாங்கவில்லை. இடம் போன வயிற்றெரிச்சலில் அதிகாரம் செய்கிறார் என்று நினைத்தேன்.

நான் எப்படிப் போட்டேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் மெல்லிய, குட்டையான ஊசியை எடுத்தேன். வலிக்காதே! ஆனால் குப்பியைக் குலுக்கினால் அந்தச் சுண்ணாம்பு எழும்பி மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். இரண்டு முறை அடைத்தது. மூன்றாவது முறை ஒரு வழி கண்டுபிடித்தேன். குப்பியைக் குலுக்காமல், ஆடாமல் எடுத்து, மேலாக இருப்பதை மெதுவாக உறிஞ்சினேன். தடையில்லாமல் வந்தது. அடியில் கொஞ்சம் தங்கும். மருந்து என்றால் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும் என்று குப்பியைக் கூடையில் போட்டேன். போட்ட இடத்தில் ஸ்பிரிட் பஞ்சு வைத்து வட்டமாக, நிதானமாக, ஒரு நிமிடம் தேய்த்துவிடுவேன். வீட்டுக்குப் போய் வெந்நீர் ஒத்தடம் கொடும்மா என்பேன். ஒரு தாய் கூட இவ்வளவு பார்க்க மாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

தங்கிப்போன அந்தச் சுண்ணாம்புதான் மருந்து. நான் போட்டதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். இருந்த கொஞ்சமும் சதைக்குள் போகாமல் தோலுக்கு அடியில் கொழுப்பில் நின்றது. மூன்று மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டியதை நான் தேய்த்தும் ஒத்தடம் சொல்லியும் விரட்டி விட்டேன். பதினோரு வருட அனுபவம்!

செல்வராணி அரக்கோணத்துப் பெண். கணவர் முருகேசன் ரயில்வேயில் ஃபிட்டர், கோர்படி ரயில்வே காலனியில் குவார்ட்டர்ஸ். இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தில் மூச்சு முட்டி சாகக் கிடந்து பிழைத்தவள். அப்போதுதான் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. இன்னொரு கர்ப்பம் தாங்காது என்று பெரிய ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வால்வைச் சரிசெய்யும் வரை மயக்கம் கொடுத்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யவும் பயந்தார்கள். முருகேசன் ஆபரேஷன் செய்துகொண்டால் ஒரே நாளில் முடிந்திருக்கும். அவர் மாட்டேன் என்றார். ஆக அவளுடைய உயிருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு குப்பிதான் காவல். அந்த மருந்து அப்போது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கிடையாது, வெளியே வாங்கி எங்களிடம் வந்து போட்டுக்கொள்வாள்.

முதல் மூன்று ஊசி சுமன்தாய் போட்டார். செல்வராணி நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்குப் போவாள். நாலாவது நான்.

"அக்கா, போட்டுட்டீங்களா? எறும்பு கடிச்ச மாதிரி கூட இல்லையே!" என்றாள். "இனிமே நீங்கதான்க்கா போடணும். அந்தம்மா வந்தா நான் திரும்பிப் போயிடுவேன்."

தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. எனக்கும்தான். மகள்களுக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை, ஸ்கூலில் மராட்டியே பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ஐந்தாவது ஊசிக்குச் சொன்ன தேதியில் வந்தாள். அப்போதும் அப்படியே போட்டேன், அப்படியே தேய்த்துவிட்டேன். அவள் வயிற்றில் அன்றைக்கே சில வாரக் கரு இருந்திருக்கிறது. நான் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இந்த ஊசி போட்டால் பல பேருக்கு மாதவிடாய் நின்றுவிடும். அதனால் தேதி தள்ளிப்போவதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவளும் சந்தேகப்படவில்லை. ஆறாவது ஊசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கால் வீங்கி, இரண்டு படி ஏறினால் நிற்க வேண்டியிருக்கிறது என்று முருகேசன் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். ஸ்கேன் செய்தார்கள். பதினேழு வாரம்.

சரின் அறையில் நான் தட்டோடு நின்றிருந்தேன். முருகேசன் தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டார்.

"ஊசி போட்டும் எப்படி சார்? தேதிக்கு வந்தாளா இல்லையா?"

சர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "இது நல்ல மருந்து. நேரத்துக்குப் போட்டால் கைவிடாது. பெண்கள் வீட்டு வேலையில் தேதியை மறந்துவிடுவார்கள். திட்டாதீர்கள், பாவம்" என்றார்.

ஒரு பொய்யும் சொல்லவில்லை, பாருங்கள். அவள் மறந்தாள் என்று சொல்லவே இல்லை. பெண்கள் மறப்பார்கள் என்றுதான் சொன்னார். முருகேசன் திரும்பி மனைவியைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆண் பிள்ளை ஆசையில் ஏமாற்றிவிட்டாள் என்று அந்த நொடியில் முடிவு கட்டிவிட்டார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா, நான் வந்தேன்ல?" என்றாள். வந்தாள் என்று அவளுடைய ஊசித் தேதி அட்டையைப் பார்த்துச் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். முருகேசன் என் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை, சரிடம்தான் மறுபடி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத வேண்டும், ஊசி போட்ட தேதிகளை எடுத்து எழுது என்றார் சர். செல்வராணி தன் ஃபைலைக் கொடுத்தாள். பிளாஸ்டிக் பை, அதற்குள் ஃபைல், எல்லாம் அவ்வளவு சுத்தம். இதயப் படம், ரத்த ரிப்போர்ட், அதற்குப் பின்னால் ஐந்து மருந்துப் பெட்டிகள் தட்டையாக மடித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு பெட்டியோடும் உள்ளே வரும் காகிதம், மடிப்புக் கலையாமல். அவளுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. மருந்தோடு வந்த காகிதம், என்றைக்காவது தேவைப்படும் என்று வைத்திருக்கிறாள். கடைசி இரண்டு முறையும் குப்பியை எடுத்துக்கொண்டு பெட்டியை அவள் கையில் கொடுத்தது நான். படிக்கத் தெரிந்தவள் நான்.

நின்ற இடத்திலேயே ஒன்றைப் பிரித்துப் படித்தேன். போடுவதற்கு முன் குப்பியை நன்றாகக் குலுக்கவும். சதைக்குள் ஆழமாகப் போடவும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. எறும்பு எழுத்துதான், ஆனால் எழுதியிருந்தது. சுமன்தாய் என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள்.

அந்தக் காகிதத்தோடு சரிடம் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார். அவசரமே இல்லை.

"பாளா, கம்பெனிக்காரன் ஆயிரம் எழுதுவான். எந்த மருந்தும் நூற்றுக்கு நூறு கிடையாது."

"சர், நான் குலுக்கவில்லை. தேய்த்தேன். ஊசி சின்னது. அவள் புருஷனிடம் சொல்லிவிடுகிறேன்."

"சொல்லி? அவள் இப்போது இருக்கும் நிலையில் இதையும் சொல்லிப் பயமுறுத்தணுமா? உன் கை தங்கக் கை. நோயாளிகள் உன்னை எவ்வளவு விரும்புகிறார்கள்! போய் டீ குடி."

நான் போய் டீ குடித்தேன். இதை எழுதும்போது எனக்கு அவர் மேல் வரும் கோபத்தை விட அந்த டீயின் மேல்தான் அதிகம் வருகிறது. பயந்தேன், அதுதான் உண்மை. வேலை போகும், பெயர் போகும் என்று பயந்தேன். அதற்கு அவளுடைய உடல்நிலையைச் சாக்கு வைத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் கருவைக் கலைத்தார்கள். அந்த இதயத்தோடு, அந்த மாதத்தில், அது சின்ன வேலை இல்லை. நுரையீரலில் நீர் கோத்து ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். இரண்டு முறை போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். முருகேசன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், சாப்பாடு மருந்து எல்லாம் ஒழுங்காக வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து வந்தாள். வால்வைத் திறக்கும் வரை ஊசியை விடக் கூடாது என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அங்கேயே போட்டிருக்கலாம். "அங்க போடறேன்னாங்கக்கா. நான்தான் எங்க அக்கா கைதான் வலிக்காதுன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது.

அன்றைக்குத்தான் என் வாழ்நாளில் முதல் முறையாக அந்த ஊசியைச் சரியாகப் போட்டேன். முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். கடைசி ரிப்போர்ட் எங்கே, சிறுநீர் பரிசோதனை செய்தார்களா, இடையில் ரத்தப்போக்கு உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் புதிதாகக் கொடுத்திருக்கிறார்களா. குப்பியின் தேதியைப் பார்த்தேன். பிறகு கை வலிக்கும் வரை குலுக்கினேன். கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்து, அடியில் வெள்ளை ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு முறை குலுக்கினேன். பால் போல ஆனதும், படிய விடாமல் உடனே முழுவதையும் கனமான ஊசியில் எடுத்தேன். புடவையை நன்றாக இறக்கச் சொன்னேன். பின்பக்கத்தை மனசுக்குள் நாலாகப் பிரித்து, மேலே வெளிப்பக்கம் உள்ள கால்பகுதியில் நேராக உள்ளே செலுத்தினேன். ரத்தம் வருகிறதா என்று லேசாக இழுத்துப் பார்த்தேன். மெதுவாக மருந்தை இறக்கினேன். எடுத்ததும் பஞ்சை வைத்து அழுத்தினேன். தேய்க்கவில்லை.

"அம்மா!" என்று கத்திவிட்டாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். "என்னக்கா இன்னிக்கி? கை மாறிடுச்சா? கொஞ்சம் தேய்ச்சாவது விடுங்கக்கா."

"தேய்க்கக் கூடாது செல்வராணி. ஒத்தடமும் வேண்டாம். இப்படித்தான் போடணும். போன ரெண்டு தடவையும் நான் போட்டது தப்பு." குலுக்காததையும், ஊசி குட்டை என்பதையும், தேய்த்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் ஃபைலில் இருந்த காகிதத்தைக் காட்டி, எந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துச் சொன்னேன். "நீ மறக்கல. நான்தான் காரணம்."

அழுவாள் என்று நினைத்தேன். மன்னித்துவிடுவாள் என்று கூட மனசின் ஒரு மூலையில் நினைத்திருப்பேன். புடவையைச் சரிசெய்துகொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"எதுக்குக்கா அப்படிப் போட்டீங்க?"

"உனக்கு வலிக்கக் கூடாதுன்னு."

"நான் ரெண்டு பிள்ளை பெத்தவ. ஒரு ஊசி வலிய தாங்க மாட்டேன்னு உங்களுக்கு யாரு சொன்னா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" குரல் ஏற ஏற மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. "ஒன்பது நாள் மூக்குல குழாய வெச்சிக்கிட்டு கிடந்தேன். அவரு என் மூஞ்சியப் பாக்கல. அது வலிக்கலையா எனக்கு?"

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தமிழ் தெரியாதவர்களுக்கும் அது புரிந்திருக்கும். பிரசவ அறை வாசலில் சுமன்தாய் வந்து நின்றார்.

அன்று சாயங்காலம் ரயில்வே காலனிக்குப் போய் முருகேசனிடமும் சொன்னேன். மகள்கள் இரண்டு பேரும் கதவோரம் நின்று கேட்டார்கள். அவர் என்னை வெளியே போகச் சொன்னார், போனேன். அவர் அவளிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

சர் என்னைத் திட்டவில்லை. திட்டமாட்டாரே! "நீ கொஞ்சம் களைத்திருக்கிறாய் பாளா, வார்டுக்குப் போ" என்றார். ஊசி மேசைக்கு இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்தார், அவளுக்கும் மெல்லிய ஊசிப் பெட்டியைத்தான் எடுத்துக் கொடுத்தார். அவளைத் தனியே கூப்பிட்டுக் காகிதத்தைக் காட்டிப் படிக்க வைத்தேன். அதோடு வேலையை விட்டுவிட்டு வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். போர்டு மட்டும் இன்னும் பல வருடம் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இறங்கிப் போய்க் கல்லால் அடிக்கலாமா என்று இருக்கும்.

பயிற்சி அறையில் இதையெல்லாம் சொல்லி, முகம் போட்ட அட்டையை நாலாகக் கிழித்து மேசையில் வைத்தேன். ஒரு பெண் எழுந்து, "அந்த அம்மா அப்புறம் உங்களை மன்னிச்சாங்களா மேடம்?" என்று தமிழில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

அந்த ஊசி போட்டுச் சரியாக மூன்று மாதம் கழித்து, நான் சேர்ந்த புது ஆஸ்பத்திரியின் ஊசி அறை வாசலில் செல்வராணி நின்றாள், கையில் அதே பிளாஸ்டிக் பை. விசாரித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். "என்னை நம்பி இவ்வளவு தூரம் வந்தியா?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்களை நம்பி வரலக்கா. இனிமே நீங்க மறக்க மாட்டீங்கன்னு வந்தேன்."

வால்வைத் திறந்து, அதன் பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொள்ளும் வரை, நாலு வருடம் ஒரு தேதி தவறாமல் வந்தாள். சிரித்துப் பேசமாட்டாள். மகள்களைப் பற்றிச் சொல்லமாட்டாள். பெட்டியை அவளே பிரித்து, காகிதத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, குப்பியை என் கையில் கொடுப்பாள். என் கையையே பார்த்தபடி நிற்பாள்.

"குலுக்குங்க" என்பாள்.